ஒன்பது வாண்டுகளும் ஒரு வெற்றிலையும்: பத்து காவானிலிருந்து பினாங்கு டவுனுக்கு ஒரு நாள்

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பத்து காவான் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒன்பது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பினாங்கு டவுனுக்குப் போய்விட்டு அன்று மாலையே திரும்பினோம். மூத்தவனுக்கு ஐந்தரை வயது. இளையவளுக்கு நான்குகூட நிறையவில்லை. பெரியவர்கள் நாங்கள் இரண்டே பேர். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்காதவர்கள் தோட்டத்தில் குறைவு. வேறு தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இப்படி ஓர் ஆசை இருக்கும் என்பதால், நேரம், செலவு, நான் அடித்த கூத்து எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு படத்தில் தொடங்கியது. தாய்மார் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் நான் டீச்சர். பினாங்கில் இரண்டு வருஷம் பாலர் வகுப்பில் வேலை பழகிவிட்டு, கையில் ஒரு கட்டுப் படங்களோடு இங்கே வந்தவள். கப்பல் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். "பொகைக் கொட்டா" என்றான் சடையன். ரப்பர் தகடு காயப்போடும் புகைக் கொட்டகையைத்தான் சொல்கிறான். மேலே புகை வருகிறதே, வேறென்ன? இவன் அப்பனும் ஆத்தாளும் ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த கப்பல் அது! எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நேரில் காட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

துரையிடம் போய் நின்றேன். எங்கள் துரை தமிழ் பேசுவார், அவருடைய தமிழ். "ஒம்போது போறான், ஒம்போது வரான். ஒண்ணு கொறைஞ்சா, படிப்பு கிடிப்பு இல்லே. கொட்டகை தூங்க மட்டும். நீ டவுனுக்கே போ" என்றார். ஒழுங்காகத் திரும்பி வந்தால் கொட்டகையில் பாதியை மறித்துப் பிள்ளைகள் படிக்க, விளையாட விடுவதாகவும் சொன்னார். அந்தப் பாதிக் கொட்டகைக்காக நான் எட்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கூட வந்தவர் முனியம்மா, கொட்டகையின் ஆயா. பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூளியாட்டி ஆளாக்குகிறவர். எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஓயாத சண்டை. அது பெரட்டு விளையாட்டு. பெரட்டு என்றால், விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டி, வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது. எங்கள் வாண்டுகளுக்கும் அதுதான் உயிர். முனியம்மா தட்டில் கரண்டியால் டங் டங் என்று தட்டுவார். கொட்டகைத் தூணிலிருந்து வரிசையாக, அவரவர் இடத்தில் வந்து நிற்பார்கள். காளியப்பன், அந்த ஐந்தரை வயதுக்காரன், ஒரு ரப்பர் இலையை ஏடுபோல விரித்துப் பிடித்து, நரம்பு நரம்பாக விரலை வைத்துத் தன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவான். பெயர் வரும்வரை ஆடக்கூடாது, அசையக்கூடாது. வந்ததும் "ஐயா!" என்று கத்த வேண்டும்.

எனக்கு அதைப் பார்த்தாலே வயிறெரியும். அப்பனும் ஆத்தாளும் வரிசையில் நிற்பது போதாதா? பாலர் வகுப்பில் வட்டமாக நின்று பாடுவோம், பூப்போலக் கை விரிப்போம். கூலி வரிசையா விளையாட்டு? கூடாது என்று தடை போட்டுவிட்டேன். "அதுங்க பாக்குறதத்தானே டீச்சரம்மா வெளாடும்? தொரை வீட்டுல தேத்தண்ணி குடிக்கிற மாதிரியா வெளாடும்?" என்றார் முனியம்மா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் இல்லாத நேரத்தில் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

காலை ஐந்தே காலுக்குத் தோட்டத்து மாட்டு வண்டியில் கிளம்பினோம். ஆற்றுத்துறை இரண்டு மைல், நாற்பது நிமிஷம். சம்பான் படகில் பெரியவர்களுக்குத் தலைக்கு இரண்டு காசு, குழந்தைகளுக்கு இல்லை. அக்கரையில் வாடகை வண்டி, அறுபது காசு. புக்கிட் தெங்கா ரயிலடிக்கு ஐந்து மைல். வழி நெடுகப் பிள்ளைகள் ஒரு மாட்டுக்கு ராஜா என்றும் மற்றதற்கு ராணி என்றும் பெயர் வைத்து, இரண்டும் எருதுதான் என்று வண்டிக்காரர் சொல்லியும் கேட்காமல், ராணிக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டு வந்தார்கள். ஏழே முக்காலுக்கு இறங்கினோம்.

எட்டு ஐந்துக்கு ரயில். பிறை ரயிலடியில் இறங்கினால் ரயில்காரர்களின் படகே கடலைத் தாண்டி டவுனில் கொண்டுபோய் விடும். இரண்டுக்கும் சேர்த்து மூன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு காசு, பிள்ளைகளுக்குப் பாதி. படகில் ஒருவருக்கும் வாந்தி இல்லை, என்னைத் தவிர. ஒன்பது ஐந்துக்கு டவுன் கரை. எதிரே மணிக்கூண்டு வைத்த பெரிய ரயில் நிலையக் கட்டடம். உள்ளே ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது, டிக்கெட் மட்டும் தருகிறார்கள். "ரயிலு எங்க டீச்சர்?" என்று ஒன்பது பேரும் கேட்டார்கள். தாண்டி வந்த கடலைக் கையால் காட்டினேன்.

அங்கேயே முதல் கூத்து நடந்தது. டிராமுக்காகப் பாதையோரம் நின்றோம். டிராம் வந்தது. டிரைவர் காலால் மணியை மிதித்தார், டங் டங் என்று. அவ்வளவுதான். ஒன்பது வாண்டுகளும் கண்ணிமைப்பதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். எங்கே? தண்டவாளத்தின் மேலேயே! காளியப்பன் மடியிலிருந்து ரப்பர் இலையை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். டிராம் கிரீச்சென்று நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

டிரைவர் நம் ஆள்தான். முறுக்கிய மீசை, வாய் நிறைய வெற்றிலை. "என்னா டீச்சர், டிராமுக்குப் பெரட்டா? நான் கிராணி இல்லலா! சம்பளம் எல்லாம் என்கிட்ட கேக்கக்கூடாது!" என்று சிரித்தார். டிராமே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. டவுனில், நான் படித்து வளர்ந்த டவுனில், பிள்ளைகளைக் கூலி வரிசையில் நிற்க வைத்தவள் என்று பெயர்! பாய்ந்துபோய்க் காளியப்பன் கையிலிருந்த இலையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவன் அழவில்லை. இலை மிதந்து போவதையே பார்த்தான். "பேரெல்லாம் அதுலதான் டீச்சர் இருக்கு" என்றான். "ஏறு" என்றேன்.

டிராம் கட்டணம் ஆறு காசு, பிள்ளைகளுக்கு மூன்று. டத்தோ கிராமாட் சாலைக்கு ஏறக்குறைய இரண்டு மைல், இருபத்தைந்து நிமிஷம். அங்கே என் சிநேகிதி பிலோமினா பாலர் வகுப்பு நடத்துகிறாள். இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்குச் சொர்க்கம் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான். மணல் தொட்டி, மரக்கட்டைகள், கோக்கும் மணிகள். எங்கள் வாண்டுகள் முதலில் முனியம்மாவின் சேலைக்குள் ஒளிந்தார்கள். பிறகு சடையன் கால்சட்டைப் பையிலிருந்து ரப்பர் விதைகளை அள்ளிப் போட்டான். டவுன் பிள்ளைகள் அப்படிப் பளபளப்பான கொட்டையைப் பார்த்ததே இல்லை. தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக் கையில் வைக்கும் வித்தையை இவர்கள் சொல்லிக்கொடுக்க, அவர்கள் கட்டையில் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் யார் தோட்டம், யார் டவுன் என்றே தெரியவில்லை. கடைசியில் பிலோமினா எல்லாருக்கும் சிவப்புக் காகிதத்தில் தொப்பி செய்து மாட்டிவிட்டாள். எங்கள் லெச்சுமிக்கு, நான்கு நிறையாதவளுக்கு, அது மூக்குவரை இறங்கியது. அவள் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இந்த விவரத்தை நான் அப்போது கவனிக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளி விட்டது. சாலையோரமாக நடந்து டிராம் நிற்கும் இடத்துக்கு வந்தோம், முந்நூறு கஜம் இருக்கும். தொப்பிகளை எண்ணினேன். ஒன்பது. இன்னொரு தரம் எண்ணினேன். ஒன்பதேதான்.

"பேரு சொல்லிக் கூப்ட்டுப் பாத்துடுவோமே" என்றார் முனியம்மா.

"எண்ணியாச்சு முனியம்மா. ரெண்டு தரம் எண்ணியாச்சு."

பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கடை. காளியப்பன் அதன்முன் போய்க் கைநீட்டி நின்றான். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, ஒரு வெற்றிலையைக் கொடுத்தார். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி அதை விரித்தான். எனக்குத் திட்டவும் தெம்பில்லை. முனியம்மா கிடைத்தது சாக்கென்று, சோற்று மூட்டையிலிருந்து தட்டைத் தேடி எடுக்கக்கூடப் பொறுக்காமல், கையைத் தட்டினார். வரிசை நின்றது. முதல் நரம்பு, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கு பேரும் "ஐயா!" ஐந்தாவது நரம்பு.

"லெச்சுமி!"

சத்தமில்லை.

"லெச்சுமி!"

வரிசையில் ஐந்தாவது இடம் காலியாக இருந்தது. வரிசைக்கு வெளியே, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பையன் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். "நீ யாருடா?" என்றேன். "சவேரி. நானும் டிராமுல வரேன்" என்றான். பிலோமினா வகுப்புப் பிள்ளை! நான் இரண்டு தரம் எண்ணியது அவனையும் சேர்த்துத்தான்.

மாதாவே! துரை சொன்னதெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. அந்தக் குழந்தையின் ஆத்தாள் விடியற்காலையில் தலைவாரி, எண்ணெய் வழிய வழிய என் கையில் பிடித்துக் கொடுத்தது மட்டும்தான் கண்முன் நின்றது. சவேரியை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். பிலோமினா மேசைக்கடியில், மணல் தொட்டியில், கழிவறையில் எல்லாம் தேடினாள். இல்லை. சந்துகளில் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சீனத்துக் கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். இருபத்தைந்து நிமிஷம். வேர்த்து விறுவிறுத்து டிராம் நிற்கும் இடத்துக்கே திரும்பி வந்து, நடுத்தெருவில் நின்று அழுதேன். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு டிராம் வந்தது. அதே மீசை, அதே வெற்றிலை. "என்னா டீச்சர், ஏன் அழுவுறீங்க?" முனியம்மாதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அண்ணே, காலையில மிதிச்சீங்களே, அந்த மணிய மிதிங்க. நிறுத்தாம மிதிங்க" என்றார்.

டிரைவர் நின்ற டிராமில் நின்றபடியே மிதித்தார். டங் டங் டங் டங். உள்ளே கோழிக்கூடையோடு இருந்த சீன அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் இறங்கவில்லை. எட்டு வாண்டுகளும் வரிசை நின்றார்கள். ஐந்தாவது இடத்தைக் காலியாக விட்டு நின்றார்கள், நான் சொல்லாமலே.

"அந்தா பாருங்க டீச்சரம்மா!" என்றார் முனியம்மா.

நூறு கஜம் தள்ளி, ஐஸ்கட்டி அறுக்கும் கடைக்கு முன்னால், டிராம் கம்பத்தின் பக்கத்தில் லெச்சுமி நின்றாள். கம்பத்தை ஒட்டி நிற்கவில்லை. கம்பத்துக்கும் தனக்கும் நடுவில் நாலு பேருக்கு இடம் விட்டு, கைகளை உடம்போடு ஒட்டவைத்து, நேராக, தனியாக நின்றாள்.

நான் ஓடப்போனேன். முனியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ரிக்‌ஷாக்களும் மாட்டு வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. நான் ஓடினால் அவளும் என்னைப் பார்த்துக் குறுக்கே ஓடி வருவாள் என்று அவருக்குப் பயம். "பேரு வர்ற வரைக்கும் அசையமாட்டா. கூப்புடுடா காளியப்பா!"

அந்தப் படவா என்ன செய்தான் தெரியுமா? ஐந்தாவது பெயரை நேரே கூப்பிடவில்லை. முதல் நரம்பிலிருந்து ஆரம்பித்தான்! ஏட்டில் வரிசை அப்படித்தானாம். "சடையன்!" "ஐயா!" அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. டிரைவர் மணியை நிறுத்தினார்.

"லெச்சுமி!" தொண்டை கிழியக் கத்தினான்.

தூரத்திலிருந்து, கொசு கத்துவதுபோல, "ஐயா!"

பெயர் வந்தபின்தான் அவள் அசைந்தாள். அதற்குள் முனியம்மா வண்டிகளுக்கு நடுவில் புகுந்துபோய் அவளைத் தூக்கிவிட்டார். டிராமில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். காளியப்பன் அதற்கும் நிற்கவில்லை. ஆறு, ஏழு கூப்பிட்டான். வெற்றிலையில் ஏழு நரம்புதான். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இலையைப் புரட்டி, பின்பக்கத்தில் விரல் வைத்துப் படித்து முடித்தான். ஏட்டில் பக்கம் புரட்டுவது போலவே! வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து என்றால் என்ன என்று எட்டு மாதமாக நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிறேன். ஆள் இல்லாவிட்டாலும் ஆளின் பெயர் ஏட்டில் இருக்கும் என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

லெச்சுமி அழுதுகொண்டிருந்தாள். தொலைந்துபோனதற்காக இல்லை. தொலைந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. "கடைக்காரரு கல்லு குடுத்தாரு டீச்சர். கல்லு தண்ணியாப் போச்சு!" என்று காலி உள்ளங்கையைக் காட்டினாள். டிரைவர் இறங்கிப்போய் ஒரு கை ஐஸ் வாங்கி வந்து ஒன்பது பேருக்கும் கொடுத்தார். யார் கல் முதலில் தண்ணீராகிறது என்று பார்த்துக்கொண்டே டிராமில் போனோம். மூடிப் பிடித்தவன் தோற்றான், விரித்து வைத்தவன் ஜெயித்தான், ஏன் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் ஒரு பாடமும் நடத்தவில்லை.

கரையில் இறங்கி, அரை மைல் நடந்து, கடலோரத் திடலில் ஒன்றரைக்குச் சோறு. புளிச்சோறும் கருவாடும். அப்போதுதான் கப்பல் வந்தது, பெரிய கப்பல், கரும்புகை விட்டுக்கொண்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சடையா, இது என்ன?" என்றேன். சடையன் எழுந்து நின்று பார்த்தான். "டீச்சர்! பொகைக் கொட்டா தண்ணியில போவுது!" சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "அதுலதாண்டா உங்காத்தா வந்துச்சு" என்றார் முனியம்மா. அவன் அதற்கப்புறம் கப்பல் மறையும்வரை அதையே பார்த்தான்.

மூன்றே காலுக்குப் படகு, நாலுக்கு ரயில், நாலு இருபதுக்குப் புக்கிட் தெங்கா, ஆறு ஐம்பதுக்குத் தோட்டம். துரை கொட்டகை வாசலில் நின்றிருந்தார், பின்னால் தாய்மார். பிரம்பை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினார்.

"அப்புடி இல்ல தொரை" என்றான் காளியப்பன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாடிப்போன வெற்றிலையை எடுத்தான். முனியம்மா தட்டைத் தட்டினார். தூணிலிருந்து வரிசை. துரை பிரம்பை இறக்கினார். ஒன்பது பெயர், ஒன்பது "ஐயா!" இலையை இரு பக்கமும் புரட்டிப் பார்த்து, இன்னும் ஒரு நரம்பு மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் விரலை வைத்தான்.

"டீச்சர்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரிசைக் கடைசியில் நின்ற பையன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். போய் நின்றேன். "ஐயா!" என்றேன். பாதிக் கொட்டகையை மறிக்க மரம் தரச் சொல்லித் துரை அன்றே எழுதிக்கொடுத்தார். லெச்சுமி தொலைந்த கதையை அவள் ஆத்தாளிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் திட்டினாள். பிறகு காளியப்பனுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனை. இரண்டு பெரியவர், ஒன்பது பிள்ளைகளுக்கு எங்கள் மொத்தச் செலவு நாலு வெள்ளி தொண்ணூற்றிரண்டு காசு, சோறு கையோடு. ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் என்றால் கை போதவில்லை, மூன்று பேருக்கு ஒருவராவது வேண்டும். படகில் ஏறுமுன் எலுமிச்சம்பழம் பிள்ளைகளுக்கு வேண்டாம், டீச்சருக்கு வேண்டும். தொப்பி எல்லாருக்கும் ஒரே நிறத்தில் போடாதீர்கள். தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் பிள்ளைகள் தாங்களாகவே என்ன விளையாடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்து பாருங்கள், தடை போட வாய் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த விளையாட்டில் உங்களுக்கு எந்த இடம் என்று அவர்களையே கேளுங்கள். எனக்குப் பத்தாவது.